என் பெயரில் தொங்கிய உன் படம்

மேசையில் இரண்டு தபால்கள் கிடக்கின்றன.

ஒன்று தடித்த பழுப்பு உறை. புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்களுக்காகக் கொழும்பில் நடக்கும் புகைப்பட விழாவின் குழு அனுப்பியது. உள்ளே இந்த ஆண்டு படம் அனுப்பிய இளைஞர்களின் விண்ணப்பங்கள். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் மூன்று மொழிகளில் ஒரே வாக்கியம்: ‘இப்படங்களை எடுத்தவர் நானே என்று உறுதி கூறுகிறேன்.’ அதற்குக் கீழே கையெழுத்துகள். நல்ல படங்களைத் தெரிவு செய்யும் மூவரில் ஒருவனாக என்னை உட்காரச் சொல்கிறார்கள். முன்பு பரிசு பெற்ற படங்களை இம்முறை ஒரு தனி அறையில் மாட்டப் போகிறார்களாம். ‘மழையில் ஒன்பது பெண்கள்’ படத்தின் புதுப் பிரதி ஒன்றும், அதை நான் எடுத்த விதம் பற்றி அரைப்பக்கமும் கேட்டிருக்கிறார்கள்.

மற்றது நீல வான்கடிதம். கோத்தகிரியிலிருந்து உன் தம்பி எழுதியது. நம் ஹட்டன் ஸ்டூடியோ விலாசத்துக்குப் போட்டிருக்கிறான். ஸ்டூடியோ இப்போது துணிக்கடை. கடைக்காரர் அதை என் அண்ணனிடம் கொடுக்க, அண்ணன் எனக்கு அனுப்பி, எனக்கு வந்து சேர ஐந்து வாரம் ஆகியிருக்கிறது.

‘அண்ணே, அக்கா தவறிருச்சு. மஞ்சக்காமாலை. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகையில ரொம்ப முத்திருச்சுன்னாங்க. இங்கயும் கொழுந்துதாங்கண்ணே, வேற என்ன. எங்ககிட்ட அக்காவோட பாஸ்போட்டு போட்டோ மட்டுந்தான் இருக்கு. மூஞ்சி மேல சீல் விழுந்திருக்கு. மாலை போட்டு வைக்க நல்லதா ஒன்னு ஒங்ககிட்ட இருக்கும். நீங்க போட்டோக்காரராச்சே.’

என்னிடம் இல்லை. ஒன்று இருந்தது. அது என்ன ஆனது என்று உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். செத்துப்போனவளுக்குக் கடிதம் எழுதினால் பதில் வராது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். சரியாகத்தான் நினைப்பாய்.

நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸில் ஹட்டனிலிருந்து அரைமணி நேரம் நம் தேயிலைத் தோட்டம். ஒரே லயம், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடு. ஒரே தகரக் கூரையில் உன் காம்பராவும் என் காம்பராவும் அடுத்தடுத்து. உன் அப்பா இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தார், என் அப்பா இலங்கைக்கு. இரண்டு அரசாங்கங்கள் எங்கோ உட்கார்ந்து நம்மைப் பங்கு போட்டதில், இடையிலிருந்த பலகைச் சுவர் ஒரு நாட்டின் எல்லையாகிவிட்டது. உங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் என் அம்மா இந்தப் பக்கமிருந்து, “இந்தியாவுல இன்னைக்கு என்ன விசேசம்?” என்பாள். உன் அம்மா சுவரைத் தட்டி, “சட்டி காலியாகறதுக்குள்ள கடல் தாண்டி வா” என்பாள்.

நான் பத்தாம் வகுப்பில் தோற்று, ஹட்டன் ஸ்டூடியோவில் இருட்டறை வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வருஷம் கழித்து நீ வந்தாய். பெண்கள் படம் எடுக்க வரும்போது புடவை மடிப்பைச் சரி செய்ய, பவுடர் போட, தலை வார ஒரு பெண் வேண்டுமென்று முதலாளி உன்னைச் சேர்த்துக்கொண்டார். அது பாஸ்போர்ட் படங்களின் காலம். இந்தியா போகிறவர்கள் லொறி லொறியாக வந்து இறங்குவார்கள். ஸ்டூடியோவில் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. தாத்தா போட்டுக் கழற்றியதை மகன் போடுவான், மகன் கழற்றியதை மருமகன். வரிசையில் கிழவி யாராவது சிரித்துவிட்டால் நீ கையை உயர்த்தி மிரட்டுவாய்: “அப்பாயி, சிரிக்காதீங்க. பாஸ்போட்டுல பல்லு தெரிஞ்சா ராமேஸ்வரத்துல எறக்க மாட்டாங்க.”

“எனக்கு ஏதுடி பல்லு?” என்பாள் அவள். முழு வரிசையும் சிரிக்கும். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வார்.

குளிர் மாதங்களில் முதலாளிக்கு இழுப்பு வந்துவிடும். அப்போது கேமராவுக்குப் பின்னால் நீ நின்றாய். யாரும் கற்றுத் தரவில்லை. பார்த்தே பிடித்துக்கொண்டாய். நான் அதற்குள் புத்தகங்கள் படிக்க ஆரம்பித்திருந்தேன். சுரண்டல், வர்க்கம், விடுதலை என்று வாய் ஓயாமல் பேசுவேன். ஸ்டூடியோவின் அன்னப்பறவைத் திரையைக் காட்டி, “இது பொய். நம்ம சனத்தோட வாழ்க்கையை இருக்கிறபடி எடுக்கணும்” என்பேன். நீ ஒரு கிழவியின் கொண்டையில் ஊசி குத்திக்கொண்டே, “எடேன். யாரு வேணாங்குறா? நீ பேசுறது மைக்கு இல்லாமலே மைக்குல பேசுற மாதிரி இருக்குடா” என்றாய்.

நான் எடுக்கவில்லை. லயத்தில் நான் எடுத்ததெல்லாம் முறைத்துக்கொண்டு நிற்கும் முகங்கள். நீ எடுத்தாய்.

லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று முதலாளி ஒதுக்கிவைத்த இரண்டு கண் கேமராவை நீ கேட்டு வாங்கினாய். வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. உன் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட கிழமையில், ஸ்டூடியோவுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவின் பெயரில் மலைக்குப் போனாய். தோட்டத்தில் அது புதிதல்ல. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது அம்மாவுக்குப் பதில் மகள் குரல் கொடுப்பாள். கங்காணி தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொள்வார். கொழுந்து யார் விரல் பறித்தது என்று தராசு கேட்பதில்லை. அன்று உன் கூடையின் அடியில், ஒரு பழைய துணியில் சுற்றி, அந்தக் கேமரா இருந்தது.

மறுநாள் மதியம் இருட்டறையில் தாள் மேல் உருவம் கிளம்பியபோது என் பக்கத்தில் நீ நின்றாய். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் ஒரு பாறை வந்தது. பிறகு அதன் அடியில் மழைக்கு ஒதுங்கிய பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு அட்டை பிடுங்குகிறாள் ஒருத்தி. ஒருத்தி வெற்றிலை வாயைத் திறந்தபடி பின்னால் சாய்ந்துவிட்டாள். இன்னொருத்தி கண்ணைத் துடைக்கிறாள். நடுவில் ஒருத்தி, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையின் விரலை நேராக நம்மைப் பார்த்து நீட்டுகிறாள். மிரட்டல் முகம், ஆனால் உதட்டோரம் உடைந்துகொண்டிருக்கிறது.

“இது மீனாச்சியக்காதானே?”

“ஆமா. கண்டாக்கையா மாதிரி நடந்து காட்டுது. ‘ஏய், என்னா அங்க பேச்சு? கேமராவ வச்சிக்கிட்டு கொழுந்தெடுக்க வந்தியா, நாடகம் போட வந்தியா?’ன்னு என்னயத்தான் மெரட்டுது. மத்தவளுக எல்லாம் உருண்டு போனாளுக.”

மலையில் கொழுந்து பறிப்பதை மேற்பார்க்கும் அதிகாரியைத்தான் கண்டாக்கு என்போம். அவரைப் பார்த்தால் நடுங்குகிற பெண்களைத்தான் நான் அதுவரை கண்டிருக்கிறேன். இப்படிச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவன், எனக்குத் தெரியாது.

அதே ஃபிலிமில் அடுத்த கட்டத்தில் நீ இருந்தாய். “குடு புள்ள, ஒன்னய நான் புடிக்கிறேன்” என்று மீனாச்சியக்கா கேமராவைப் பிடுங்கி எடுத்த படம். பூமி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நெற்றியில் கூடைக் கயிறு, நனைந்த முகம், கையை நீட்டிக் கேமராவைக் கேட்கிறாய், சிரிக்கிறாய். “பாருடா, என்னய மலையில இருந்து உருட்டி விட்டுருச்சு” என்றாய். ஆனாலும் அந்த நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தாய். தினமும் ஊராரைப் படம் பிடிக்கிற இடத்தில் வேலை செய்தவளுக்கு, பாஸ்போர்ட் தவிர வேறு படம் இல்லை.

விழா பற்றிய அறிவிப்பு பத்திரிகையில் வந்தது. பெயர் தெரியாத புதியவர்களின் படங்களைக் கொழும்பில் மாட்டப் போகிறார்கள், சிறந்த ஒருவருக்குக் கேமராவும் பத்திரிகை ஒன்றில் பயிற்சியும். படிவத்தைத் தருவித்தது நான்தான். உனக்காகத்தான் தருவித்தேன், அதுவரை நான் யோக்கியன். மூன்றாவது கேள்வியில் நின்றோம். விண்ணப்பிப்பவர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும், சான்றிதழின் எண்ணைக் குறிக்க வேண்டும். உன்னிடம் எண் ஏது? இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே கொழுந்தெடுத்து, இங்கே கப்பலுக்குக் காத்திருக்கிற ஆள் நீ. புதியவர்களைத் தேடுகிறவர்களும் முதலில் தாளைத்தான் தேடுகிறார்கள் என்று நான் கத்தினேன். நீ கத்தவில்லை. படிவத்தை என் பக்கம் தள்ளினாய்.

“ஒன் பேரப் போடு.”

“அது எப்படி?”

“எங்கம்மா பேர்ல நான் மலைக்குப் போகலையா? அந்த மாதிரி ஒன் பேர்ல இது கொழும்புக்குப் போகட்டும். அங்க மாட்டினப்பறம் வாயத் தொறந்து சொல்லிரு. மாட்டினத எறக்கவா போறாங்க?”

“சத்தியமா சொல்லுவேன்.”

“சத்தியம் எதுக்குடா? சொல்லு, போதும்.”

அதற்கு அடுத்து நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட கதை வேறு: கொழும்பில் நாக்கு எழவில்லை, கூட்டத்தைக் கண்டு பயந்துவிட்டேன், சின்ன வயசு. பொய். படத்தோடு நெகட்டிவையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் நீ பஸ்ஸுக்குப் போன பிறகு இருட்டறையில் தனியாக உட்கார்ந்து ஃபிலிமை வெட்டினேன். ஒன்பது பெண்கள் உள்ள கட்டத்தை உறையில் வைத்தேன். பக்கத்துக் கட்டத்தில் நீ இருந்தாய். அதை யாராவது பார்த்தால் கேமரா யார் கையில் இருந்தது என்று கேட்பார்கள். தேத்தண்ணி போடுகிற மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதில் போட்டேன். சுருண்டு, கறுத்து, நாறிற்று. கதவைத் திறந்து விட்டேன், முதலாளிக்கு மூச்சு முட்டக் கூடாதென்று.

கொழும்புக்குப் போவதற்கு முன்பே, ஹட்டனிலேயே, நான் முடிவு செய்துவிட்டேன். அதுதான் உண்மை.

படம் தெரிவாகிவிட்டதென்று தந்தி வந்தபோது நீ ஸ்டூடியோவிலேயே குதித்தாய். போட்டுக்கொண்டு போக என்னிடம் ஒன்றும் இல்லை. நாட்டை விட்டுப் போகிற அத்தனை ஆண்களும் போட்டுக் கழற்றிய அந்தக் கறுப்புக் கோட்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி நீயே இஸ்திரி போட்டாய். முதுகில் தொளதொளவென்று இருந்ததை ஊசி குத்திப் பிடித்தாய். “கைய மேல தூக்காத, குத்தும். தலைய நிமித்தி நில்லு. கேட்டா மெதுவா சொல்லு, அவசரத்துல ஒளறாத.”

பெரிய மண்டபம். சுவர் முழுக்கப் படங்கள். நடுச்சுவரில் உன் படம், நம் கையகலத் தாளில் பார்த்தது அங்கே ஆளுயரத்துக்கு நின்றது. கீழே என் பெயர். தெரிவுக் குழுவிலிருந்த ஒரு அம்மா படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார்: “ஒரு ஆண் முன்னால் இந்தப் பெண்கள் இவ்வளவு இயல்பாக இருக்கிறார்களே, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்கிறார்.”

அவர் கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தார். ஒரு ஆண் முன்னால் அவர்கள் அப்படி இருக்கவில்லை, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எனக்கு நாக்கு எழுந்தது. நன்றாகவே எழுந்தது.

“இவர்கள் என் தாய்மார்கள். என்னை நம்புகிறார்கள். இந்தச் சிரிப்புக்குப் பின்னால் பசி இருக்கிறது, இருநூறு வருஷத்து அடிமைத்தனம் இருக்கிறது” என்றேன். வருஷக் கணக்குகூடத் தப்பு. இன்னும் பேசினேன். சுரண்டல், வர்க்கம், விடுதலை. கை தட்டினார்கள். ஒரு தொழிலாளியின் உழைப்பைக் களவாடிக்கொண்டு நின்றபடி, உழைப்பைக் களவாடுகிறவர்களைத் திட்டினேன். கையை வீசிப் பேசியபோது முதுகில் ஊசி குத்தியது. அதையும் பொருட்படுத்தவில்லை. மீனாச்சியக்கா கண்டாக்கைப் போல நடித்ததற்குத்தான் அவர்கள் சிரித்தார்கள் என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் படம் சின்னதாகிவிடும் என்று நினைத்தேன். படத்தை எடுத்தவளையும் திருடினேன், படத்துக்குள் நடந்ததையும் திருடினேன்.

திரும்பி வந்தபோது ஸ்டூடியோ வாசலில் நின்றாய். “சொன்னியா?”

“பேச நேரம் குடுக்கல. பத்திரிகையில பெருசா எழுதப் போறாங்க, அப்ப சொல்லிடறேன்.”

பத்திரிகை வந்தது. உன் படம், பக்கத்தில் கோட்டோடு என் முகம். நீ நின்றபடியே முழுதும் வாசித்தாய். மடித்து என்னிடம் கொடுத்தாய். “நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஒன் மூக்குதான் கொஞ்சம் பெருசா விழுந்திருச்சு” என்றாய். பிறகு வரிசையில் காத்திருந்த ஒரு பெண்ணுக்குப் புடவை மடிப்பு எடுக்கப் போனாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டதை, மறந்துவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

தோட்டத்தில் கோயில் முன்னால் எனக்கு மாலை போட்டார்கள். சங்கத் தலைவர் பேசினார், மலையகத்தின் கண் என்றார். படத்திலிருந்த ஒன்பது பேரையும் முன்வரிசையில் நிறுத்தினார்கள். ஆரத்தி எடுத்தது மீனாச்சியக்கா. தட்டைச் சுற்றிக்கொண்டே என்னை நேராகப் பார்த்து, “கண்ணு பட்டுறப் போவுது ராசா” என்றது. பெருமையில் சொல்கிறது என்று நினைத்தேன். நீ கூட்டத்தின் பின்னால், யாரோ ஒருத்தியின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய்.

அடுத்த வருஷம், இந்தியா போகச் சொல்லி உங்கள் தாள் வந்தது. ஹட்டன் ஸ்டேசனில் இந்தியக் கப்பலுக்கு ஆட்களைக் கொண்டுபோகிற கோச்சி நிற்கும்போது எழுகிற சத்தம் உனக்குத் தெரியும். மேடை முழுக்க ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறுகிறார்கள். தகரப் பெட்டிகள், அம்மிக்கல்லைக்கூட விட மனமில்லாமல் சாக்கில் கட்டிக்கொண்டு ஒரு கிழவர். நான் பரிசுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். அப்போது எனக்குப் பத்திரிகையில் வேலை கிடைத்துவிட்டது. இது சரித்திரம், பதிவு செய்ய வேண்டும் என்று ஓடி ஓடி எடுத்தேன். உன் அம்மாவும் என் அம்மாவும் ரயில் பெட்டியின் ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று கையைப் பிடித்து அழுவதை எடுத்தேன். அப்போது உள்ளேயிருந்து உன் குரல்.

“டேய். அத கீழ எறக்கு.”

நான் இன்னொன்று எடுத்தேன்.

“ஒரு தடவையாவது வெறுங்கையோட நில்லுடா.”

இறக்கினேன். அதற்குள் கோச்சி நகர்ந்துவிட்டது. நீ கையை ஆட்டவில்லை, முறைக்கவும் இல்லை. ஏதோ கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டு போனாய். அந்த முகத்தை நான் எடுக்கவில்லை. அதனால்தான் உன் தம்பிக்கு அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை.

பிறகு கப்பலும் நின்றுவிட்டது. சண்டை வந்தது. எழுதியிருக்கலாம், தபால் நிற்கவில்லை. நான் எழுதவில்லை. மலையகத்தைப் படம் பிடிக்கிறவன் என்று இங்கே கொழும்பில் எனக்குப் பெயர். டயகம, ராகலை என்று மற்றத் தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள், போகிறேன், கொண்டுவருகிறேன். ஆனால் நம் தோட்டத்தில் ஒரு நல்ல படம்கூட எனக்கு விழவில்லை. நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். படங்கைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். முதுகைக் காட்டிக் குனிந்து பறிக்கிறார்கள். கூச்சம் என்று நினைத்தேன். நம் பெண்களின் கூச்சத்தைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

வான்கடிதம் வந்த மறுநாளிலிருந்து விழாக்குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள்களைக் கிழித்தேன். மூன்றும் என் வறுமையில் தொடங்கி, என் வயசில் தொடங்கி, அந்தப் படிவத்தின் மூன்றாம் கேள்வியில் தொடங்கின. அந்தக் கேள்வி அநியாயம்தான். ஆனால் அடுப்பைப் பற்றவைத்தது அந்தக் கேள்வி இல்லை. கொழும்புக்காரர்களிடம் சொல்வதற்கு முன் அந்த ஒன்பது பேரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கேமராவை அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

ஒன்பதில் ஆறு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் உன்னைப் போலக் கப்பலேறிப் போனவர்கள், ஒருத்தி இறந்துவிட்டாள். மீனாச்சியக்காவின் காம்பராவில் கூடினார்கள். உன் சாவை முதலில் சொன்னேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் மெல்ல அழுதார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எனக்கு வெறும் தேத்தண்ணி வந்தது, கையில் கடித்துக்கொள்ளச் சர்க்கரை வைத்தார்கள். நான் குடிக்காமல் சொன்னேன்.

“அந்தப் போட்டோவ நான் எடுக்கல. அவதான் எடுத்தா.”

மழைத்தண்ணீர் கூரையிலிருந்து வாளியில் விழுகிற சத்தம். யாரும் திடுக்கிடவில்லை. மீனாச்சியக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டது.

“இத எதுக்குடா எங்ககிட்ட சொல்ற? நாங்க அங்கனதான இருந்தோம்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைப் படித்தால் உனக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். ஒன்பது பெண்கள். அந்த மழையில், அந்தப் பாறையின் கீழே, கேமரா யார் வயிற்றோடு இருந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள். ஏழு வருஷமாக நான் பாதுகாத்த ரகசியம் இந்த லயத்தில் ஒருநாளும் ரகசியமாக இருந்ததில்லை. மாலை போட்ட அன்று முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆரத்தித் தட்டைச் சுற்றிய கைக்குத் தெரியும்.

“நான் அதுல யாரப் பாத்து வெரல நீட்டுறேன்?” என்றது மீனாச்சியக்கா. “ஒன்னயப் பாத்தா?”

பக்கத்திலிருந்த ஒருத்தி, “ஒன்னய அங்க விட்டிருப்போமாடா? முழங்காலு தெரிய உக்காந்திருக்கோம்” என்றாள். அந்த அழுகைக்கிடையிலும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“தெரிஞ்சும் ஏன் அன்னைக்கே சொல்லல?” என்று கேட்டேன். வெட்கங்கெட்ட கேள்வி. நான் மறைத்ததற்கு அவர்களிடம் காரணம் கேட்கிறேன்.

“சொல்லத்தான் கெளம்பினோம். தலைவரு பேசையில நான் முன்னால போகப் பாத்தேன். அவதான் பின்னாடியிருந்து வந்து கையப் புடிச்சு நிறுத்துனா. ‘அவன் எப்படியும் சொல்லிருவான்க்கா, அவசரப்படுத்தாதீங்க’ன்னா. இந்தியாவுக்குப் போற அன்னைக்கும் அதத்தான் சொல்லிட்டுப் போனா. இப்ப வந்து சொல்ற. சரி, குடி, ஆறிப்போவுது.”

குடித்தேன். குடிக்காமல் எழுந்து போக எனக்கு உரிமையில்லை என்று பட்டது.

மறுநாள் காலை ஹட்டன் தபால் கந்தோரில் நின்றபடியே விழாக்குழுவுக்கு எழுதிப் போட்டேன். படத்தை எடுத்தவர் பெயர் என்று உன் பெயரையும், அப்பா பெயரையும், தோட்டத்தின் பெயரையும் எழுதினேன். நான் எடுக்கவில்லை, தெரிந்தே பொய் சொன்னேன், யாரையும் தெரிவு செய்ய எனக்குத் தகுதியில்லை, அந்த மூன்றாம் கேள்வி இன்னும் உங்கள் படிவத்தில் இருக்கிறது, அதையாவது எடுங்கள். ஐந்து வரி. ஏழு வருஷம் ஐந்து வரிக்கு. பத்திரிகையில் வேலை இருக்குமா என்று தெரியவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் இதை எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டேன். எழுதியிருக்க மாட்டேன். நீ இருந்தால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

உன் தம்பிக்கும் உள்ளதை எழுதினேன். அக்காவின் படம் ஒன்று இருந்தது, நான்தான் எரித்தேன் என்று. அவன் என்னை என்ன திட்டினாலும் தகும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை, கேட்கவும் மாட்டேன். ஸ்டேசனில் கோச்சி நகர்ந்தபோது நீ பார்த்துக்கொண்டு போன பார்வைக்கு இத்தனை நாளாக வெறுப்பு என்று பெயர் வைத்திருந்தேன். வெறுப்பென்றால் சுமப்பது சுலபம். இப்போது தெரிகிறது, நீ அந்த ஜன்னலில்கூட எனக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஸ்டூடியோ வாசலில், கோயில் முன்னால், ஸ்டேசனில், பிறகு கோத்தகிரி மலையிலிருந்தும் கொடுத்தாய். கேட்காமல், நச்சரிக்காமல், யாரையும் அவசரப்படுத்த விடாமல். நீ கொடுத்த அத்தனை நாட்களும் என்னிடம் அப்படியே இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் தொடவில்லை.